கொள்ளிடம் தாண்டிய தம்பி

பிப்ரவரி 19. மும்பை கோவண்டி சிவாஜி நகரில், சாலையோர டீக்கடை பெஞ்சு. காவிக்கொடி கட்டிய டெம்போவில் ஒலிபெருக்கி அலறுகிறது. சிவாஜி பிறந்தநாள். ஊர்வலத்துக்கு வந்த பொடியன் ஒருவனின் தலைப்பாகை நழுவிக் கண்ணை மறைக்கிறது. பின்னால் நிற்கும் அண்ணன்காரன் அதை முழுக்க அவிழ்த்து, முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, நிதானமாக மறுபடி சுற்றிக் கட்டுகிறான்.

என் பக்கத்தில் நெல்லைத் தமிழ். இரண்டு பேர், நடுவில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே அப்பாவின் ரேஷன் கார்டும் ரூம் காகிதங்களும். பத்துக்குப் பதினைந்து அடி ரூம் அது.

“சதுப்புல மண்ணு கொட்டி மேடாக்கும்போது அப்பாகூட நின்னவன் நான்.”

“ஊர்ல அம்மாவ கடைசிவரை பாத்தது யாருண்ணே? நாந்தானே?”

அண்ணன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தம்பி எழுந்துவிட்டார். டீயைத் தொடவில்லை. உறையையும் எடுக்கவில்லை. ஊர்வலத்துக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டார். அண்ணன் அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணன் முன்னால் உட்கார முடியாமல் எழுந்துபோன இன்னொரு தம்பியை நினைத்தேன். இன்று ஒலிபெருக்கியில் யாரும் சொல்லாத பெயர், ஏகோஜி.

1677 ஜூலை. கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி. முடிசூடி மூன்று ஆண்டான சிவாஜி, செஞ்சியைப் பிடித்துவிட்டு அங்கே பாசறை போட்டிருக்கிறார். தஞ்சையிலிருந்து தம்பி வந்து சேர்கிறார். இருவருக்கும் தகப்பன் ஷாஹாஜி. அண்ணனைப் பெற்றவர் ஜீஜாபாய், தம்பியைப் பெற்றவர் துக்காபாய். ஷாஹாஜி 1664இல் வேட்டைக்குப் போன இடத்தில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். பெங்களூர் உள்ளிட்ட ஜாகீர்கள் ஏகோஜியிடம் இருந்தன. அதில் பாதி என் பங்கு என்கிறார் அண்ணன்.

கேட்டது நியாயம்தான். ஆனால் தஞ்சை அப்பா வைத்துவிட்டுப் போன சொத்தல்ல. பீஜப்பூர் சுல்தானின் தளபதியாக, நாயக்கர் வாரிசுக்கு அரியணையை மீட்டுத்தர வந்த ஏகோஜி, கடைசியில் தானே அதில் அமர்ந்தார். முறையோ முறையில்லையோ, அவருடைய வாளால் வந்தது அது. போதாக்குறைக்கு, அந்த வீட்டின் வரவு செலவெல்லாம் அறிந்த அமைச்சர் ரகுநாத பந்த், ஏகோஜியோடு மனக்கசப்பாகி அண்ணன் பக்கம் போய்விட்டார். வீட்டுக் கணக்கு தெரிந்தவர் எதிரே போய் உட்கார்ந்தபின் தம்பிக்கு எங்கே தூக்கம் வரும்? சொந்த அண்ணனின் பாசறையில்தான் இருக்கிறோம் என்ற நினைப்பே அவரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

ஓர் இரவு, சொல்லாமல் கொள்ளாமல், ஒரு சில ஆட்களோடு தெப்பமேறிக் கொள்ளிடத்தைக் கடந்து தஞ்சைக்குத் தப்பினார் ஏகோஜி. நான் என்ன அவனைச் சிறையிலா போடப் போகிறேன் என்று சிவாஜி வருந்தியதாகச் சபாசத் எழுதிய வரலாறு சொல்கிறது. ஆனாலும் ஆற்றுக்கு வடக்கே இருந்த தம்பியின் ஊர்களை அவர் விட்டுவைக்கவில்லை. அவர் ஊர் திரும்பியதும், அந்த ஊர்களை மீட்கக் கிளம்பினார் ஏகோஜி. நவம்பரில் சிவாஜியின் தரப்பில் எதிரே படையோடு நின்றவர் சந்தாஜி. அவரும் ஷாஹாஜியின் மகன்தான். பகல் சண்டையில் ஏகோஜிக்கு வெற்றி. இரவில் படை அயர்ந்திருந்த நேரம் பார்த்துச் சந்தாஜி திரும்பி வந்து அடித்தார். ஒரே தகப்பனின் பிள்ளைகளுக்காகத் தமிழ் மண்ணில் எத்தனை பேர் செத்தார்களோ!

பேச்சை மறுபடி தொடங்கிவைத்தவர் ஏகோஜியின் மனைவி தீபாபாய். போனது போகட்டும், ரகுநாத பந்தைக் கூப்பிட்டுப் பேசுங்கள் என்று கணவரை இணங்க வைத்தார். உடன்பாட்டில் தஞ்சை ஏகோஜிக்கே நின்றது. பெங்களூரைத் தீபாபாயின் ரவிக்கை, வளையல் செலவுக்கென்று சிவாஜி எழுதிவைத்தார். தம்பியோடு மல்லுக்கு நின்ற ஜாகீரைத் தம்பி மனைவிக்குச் சீர் போலத் தந்ததில் அந்தக் குடும்பத்தின் மானம் காப்பாற்றப்பட்டது என்றே நினைக்கிறேன்.

சொத்துத் தகராறு தீர்ந்தும் ஏகோஜி தேறவில்லை. ஆட்சியில் பிடிப்பில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்வதில்லை, பண்டிகை விசேஷங்களிலும் நாட்டமில்லை. செய்தி ரகுநாத பந்த் வழியாக மகாராஷ்டிரத்துக்குப் போயிற்று. சிவாஜி தம்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் பங்கும் இல்லை, பாகமும் இல்லை. நானிருக்க உனக்கென்ன கவலை, துறவி வேஷமெல்லாம் வேண்டாம், வேளாவேளைக்குச் சாப்பிடு, நாள் கிழமையைக் கொண்டாடு, படையைச் சும்மா வைத்திருக்காதே, செயலில் இறங்கு என்று வரிக்கு வரி அதட்டல். அவர் பிடித்த கோட்டைகளைவிட எனக்கு இந்தக் கடிதம் பெரிது. திருமழபாடியில், நேருக்கு நேர் இருந்தபோது, தம்பிக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.