ஆயிரம் அடிக்குள்

நமது கல்லூரி அன்னையின் யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபொழுது, பழைய மாணவர் பலரும் விரும்பி எழுதுகின்ற விடுதி வாழ்க்கை, விளையாட்டுப் போட்டி, நவராத்திரி விழா ஆகியவற்றுள் ஒன்றையே யானும் எழுதலாமென எண்ணினேன். எழுதுகோலை எடுத்தவுடன் மனம் வேறோரிடத்துக்குச் சென்றது. 2023ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்திலே, என் மகளின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து யான் வாசித்த சில கடதாசிகள் நினைவில் வந்து நின்றன. ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பறைக்குள் எதனை மறைத்துக் கொண்டு செல்லலாம் என்பதே அவற்றின் பொருள். ஆசிரியர் என்பவர் யாவர் என்பதை எனக்குக் காட்டியது நமது கல்லூரியே ஆதலின், அவ்விடயத்தை இம்மலரில் எழுதுதல் பொருத்தமற்றதாகாது என நம்புகின்றேன்.

என் மகள் அங்கே சிறு நகரமொன்றின் ஆரம்பப் பாடசாலையில் நாலாம் வகுப்புக்குக் கற்பிக்கின்றாள். ஒருநாள் மாலை பாடசாலையிலிருந்து வந்தவள், "அப்பா, நீங்கள் சட்டத்தரணியாய் இருந்தவர். இதனை வாசித்து எனக்கு விளக்கிச் சொல்லுங்கள்" என்று ஒரு கட்டுக் கடதாசியை என் முன் வைத்தாள். பாடசாலைகளை நிருவகிக்கும் சபையார், கைத்துப்பாக்கியை உடையினுள் மறைத்து வைத்துக்கொண்டு பணிசெய்ய விரும்பும் ஆசிரியர்கள் தம் பெயரைத் தரலாம் என அறிவித்திருந்தனர். ஒரு கிழமைக்குள் மறுமொழி கூறவேண்டும்.

இத்தகைய அறிவித்தல் ஏன் எழுந்தது என்பதை முதலிற் கூறவேண்டும். 2022ஆம் ஆண்டு மே மாதம் 24ஆந் திகதி, அம்மாநிலத்தின் யுவால்டி என்னும் ஊரிலுள்ள ஆரம்பப் பாடசாலையினுள் துப்பாக்கியுடன் புகுந்த 18 வயது இளைஞனொருவன் 19 பிள்ளைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றான். அவர்கள் நாலாம் வகுப்பினர். அங்கு வந்து குவிந்த பொலிசாரும் பிற காவலரும் 376 பேர். ஆயினும் கொலையாளி இருந்த அறையுள் நுழைந்து அவனை வீழ்த்துவதற்கு 77 நிமிடங்கள் சென்றன. மறு ஆண்டிலே மாநிலச் சட்டசபை, ஒவ்வொரு பாடசாலையிலும் ஆயுதம் தாங்கிய காவல் உத்தியோகத்தர் ஒருவரேனும் இருத்தல் வேண்டுமென விதித்தது. அதற்கென அச்சட்டம் ஒதுக்கிய தொகை, அந்நாளில் ஆண்டொன்றுக்குப் பாடசாலை ஒன்றுக்கு 15,000 டொலரும் பிள்ளை ஒன்றுக்கு 10 டொலருமாக இருந்தது. ஒரு காவலரின் சம்பளத்துக்கு அது எட்டவில்லை. பணமோ ஆளோ கிடையாத இடங்களில், பயிற்சி பெற்ற பாடசாலை ஊழியரே ஆயுதம் தாங்கலாமென அச்சட்டம் ஒரு மாற்றுவழியும் வைத்தது. அந்த மாற்றுவழியே என் மகளின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

நாற்பது ஆண்டுக்காலம் நீதிமன்றங்களில் உழைத்த பழக்கத்தினால், கொடுத்த கடதாசியோடு யான் நின்றுவிடவில்லை. மூலச் சட்டங்களையும் தேடி வாசித்தேன். அந்நாட்டிலே மாநிலச் சட்டம், கூட்டாட்சிச் சட்டம் என இரண்டு உள. ஒன்று அனுமதிப்பதை மற்றொன்று தடுக்கலாம். 1990ஆம் ஆண்டிலே கூட்டாட்சிப் பாராளுமன்றமாகிய காங்கிரஸ், பாடசாலை வலயத்தினுள் துப்பாக்கி வைத்திருத்தலைக் குற்றமாக்கியது. வலயம் என்பது பாடசாலை வளவும், அதன் எல்லையிலிருந்து 1000 அடி தூரமும் ஆகும். அரசினர் பாடசாலை, தனியார் பாடசாலை, சமயத்தார் பாடசாலை என்ற பேதம் இல்லை. பல்கலைக்கழகங்கள் இதனுள் அடங்கா. தண்டனை ஐந்து ஆண்டுவரை சிறை.

இச்சட்டத்துக்கு முதலிற் பெருஞ்சோதனை வந்ததும் ரெக்சாஸ் மாநிலத்திலிருந்தே. 1992ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சான் அன்ரோனியோ நகரின் உயர்தரப் பாடசாலையொன்றில் பன்னிரண்டாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன், கைத்துப்பாக்கி ஒன்றையும் ஐந்து தோட்டாக்களையும் மறைத்துக் கொண்டுவந்து பிடிபட்டான். கீழ்நீதிமன்றம் அவனுக்கு ஆறு மாதச் சிறை விதித்தது. லோப்பெஸ் வழக்கு எனப் பெயர்பெற்ற அவ்வழக்கில், 1995ஆம் ஆண்டு ஏப்பிரில் 26ஆந் திகதி, உயர் நீதிமன்றத்து ஒன்பது நீதியரசருள் ஐவர் அச்சட்டமே செல்லாது எனத் தீர்த்தனர். காரணம் யாதெனின், காங்கிரஸ் தனக்கு அரசியலமைப்புத் தந்த அதிகாரங்களுக்குள் நின்றே சட்டம் இயற்றலாம். மாநிலங்களுக்கிடையிலான வாணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின்கீழ் இதனை இயற்றியதாக அரசினர் வாதித்தனர். பாடசாலையில் துப்பாக்கி இருப்பதற்கும் வாணிகத்துக்கும் என்ன தொடர்பு என நீதியரசர் கேட்டனர். அதன்பின் 1996ஆம் ஆண்டில், மாநிலம் விட்டு மாநிலம் சென்ற துப்பாக்கிக்கே இது பொருந்தும் எனக் காங்கிரஸ் சில சொற்களைச் சேர்த்துச் சட்டத்தை மீண்டும் நிறுவியது. துப்பாக்கிகளுட் பெரும்பாலானவை ஒரு மாநிலத்திற் செய்யப்பட்டு வேறொன்றில் விற்கப்படுவனவாதலின், போன தடை ஏறக்குறைய முழுவதும் திரும்பி வந்தது.

தடைக்கு விலக்குகளும் உள. வலயத்தினுள் இருப்பினும் பாடசாலைக்கு உரியதல்லாத தனியார் நிலத்தில் வைத்திருக்கலாம். தோட்டா அகற்றிப் பூட்டிய பெட்டியினுள் வைத்துக் கொண்டு செல்லலாம். அவ்வலயம் அமைந்துள்ள மாநிலத்தின் அநுமதிப்பத்திரம் பெற்றவர் கொண்டு செல்லலாம். இம்மூன்றாவது விலக்கினால் என் மகளின் பக்கத்து வீட்டாருக்கு நேர்ந்த சங்கடத்தை இங்கே குறிப்பிடவேண்டும்.

அவர் தச்சுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர். மிக்க அன்புடையவர், தம் வளவிற் காய்க்கும் பீக்கான் கொட்டைகளைப் பை நிறையக் கொண்டுவந்து தருபவர். காலையில் யான் பேர்த்தியைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்லும்போது, அவரும் தம் பேரனோடு கூட வருவார். அவர் சட்டையின் கீழே இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி இருப்பதைச் சில நாளின் பின்னரே அறிந்தேன். 2021ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல், 21 வயது நிரம்பித் தடையேதும் இல்லாதவர் அநுமதிப்பத்திரமின்றியே கைத்துப்பாக்கி கொண்டு செல்ல ரெக்சாஸ் சட்டம் இடங்கொடுத்தது. அதனை நம்பி அவர் பத்திரம் எடுக்கவில்லை. பாடசாலைக் கட்டிடத்துள் கொண்டு போதல் கூடாதென்பதை அறிந்து, வாயிலுக்கு அப்பால் நின்றுவிடுவார். ஆனால் கூட்டாட்சிச் சட்டத்தின்படி, பத்திரம் இல்லாதவர் தம் வீட்டு முற்றத்தில் நிற்கும்வரை குற்றமில்லை. தெரு நடைபாதையிற் காலை வைத்த கணமே குற்றம். அவருடைய வீடோ ஆயிரம் அடிக்குள் இருந்தது.

இதனை யான் தயங்கித் தயங்கியே கூறினேன். அவர் நகைத்தார், பின்பு சட்டத்தைக் காட்டும்படி கேட்டு வாசித்தார், முகம் மாறியது. மறுநாட் காலை துப்பாக்கியை வீட்டிற் பூட்டி வைத்துவிட்டு வந்தார். பத்திரத்துக்கும் விண்ணப்பித்தார். சட்டம் தெரிந்தவுடன் அதற்குப் பணிந்த அம்மனிதரை யான் மதிக்கின்றேன். அதே வேளையில், யுவால்டிக்கு வந்தவன் எந்த அடியையும் அளந்து பார்த்து வரவில்லை என்ற எண்ணமும் என்னை உறுத்தியது. எல்லைக்கோடு நல்லவனை நிறுத்தும். கெட்டவனை நிறுத்துவது கோடன்று, கோட்டின் அருகே நிற்பவரே என்று என் மகளின் பாடசாலைச் சபையார் எண்ணியதில் வியப்பில்லை.

இனி ஆசிரியர் விடயத்துக்கு வருவோம். பாடசாலைக் கட்டிடத்துள் துப்பாக்கி கொண்டு செல்லுதலை மாநிலச் சட்டமும் பெருங்குற்றமாகவே வைத்துள்ளது. எனினும் பாடசாலையின் எழுத்து மூல அதிகாரம் பெற்றவருக்கு அது குற்றமன்று. அநுமதிப்பத்திரமுள்ள ஆசிரியர், வாகனத் தரிப்பிடத்திற் பூட்டிய தம் காரினுள்ளே வெளித்தெரியாது வைத்திருத்தலைப் பாடசாலை தடுக்கவும் இயலாது. 2013ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பாடசாலை ஊழியரைப் பாடசாலைக் காப்பாளராக நியமிக்கும் முறையை உண்டாக்கியது. அவருக்கு 80 மணி நேரப் பயிற்சி உண்டு. பிள்ளைகளோடு நாள்தோறும் பழகுபவராயின் துப்பாக்கி பூட்டிய பெட்டகத்திலேயே இருத்தல் வேண்டும் என்பது முதலில் இருந்த நிபந்தனை. அது பின்னர்த் தளர்த்தப்பட்டது. காப்பாளர் யாரென்பது இரகசியம். பெற்றார் எழுத்து மூலம் கேட்டால், இப்பாடசாலையிற் காப்பாளர் உளரா இலரா என்பதை மட்டும் அறிவிப்பர். இன்னார் என்று அறிவியார்.

இவ்விடத்தை வாசித்தபோதே என் கை நின்றது. சட்டப்படி எவ்விதக் குறையும் இல்லை. இரகசியத்துக்குக் காரணமும் உண்டு. யாரிடம் ஆயுதம் இருக்கின்றதென்று தெரிந்தால், வருபவன் முதலில் அவரையே சுடுவான். ஆனால் ஓர் ஆசிரியை தன் மாணாக்கருக்கு மறைக்கவேண்டிய பொருளொன்றை நாள் முழுவதும் உடம்பிற் கட்டிக்கொண்டு, அவர்கள் நடுவே குனிந்தும் நிமிர்ந்தும் பாடஞ் சொல்லவேண்டும். அழுகின்ற பிள்ளை ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டால் என்ன செய்வாள்?

இதை யான் கூறியபோது மகள் என்னோடு வாதாடினாள். "அப்பா, அந்த இரண்டு ஆசிரியைகளும் வெறுங்கையோடு பிள்ளைகளுக்கு முன் நின்று இறந்தார்கள். வெளியே 376 பேர் நின்றும் பயனில்லை. என் வகுப்பில் 22 பிள்ளைகள். கதவு உடையும்போது என் கையில் என்ன இருக்கும்?" என்றாள். இதற்கு மறுமொழி என்னிடம் இல்லை. இன்றும் இல்லை.

அன்றிரவு அவளுக்கு நமது கல்லூரிக் கதையொன்றைச் சொன்னேன். என் தந்தையாருக்கு வன்னியிலே வயல் இருந்தது. பன்றி விரட்டுவதற்கு ஒரு துவக்கு வைத்திருந்தார். 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டத்தின்படி எடுத்த அநுமதிப்பத்திரத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டாத குறையாகப் பேணினார். எட்டாம் வகுப்பிற் படித்த யான், நண்பருக்குக் காட்டிப் பெருமை கொள்வதற்காகத் தோட்டா ஒன்றைக் காற்சட்டைப் பையில் ஒளித்துக் கல்லூரிக்குக் கொண்டு சென்றேன். கணித ஆசிரியர் கண்டுவிட்டார். பிரம்பை எடுக்கவில்லை. திறந்த கையை என் முன் நீட்டினார், நீட்டியபடியே காத்திருந்தார். தோட்டாவை அக்கையில் வைத்தேன். அதனை எல்லாரும் காணத் தம் மேசைமேல் நிறுத்தி வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கேத்திரகணிதத்தைத் தொடர்ந்தார். பாடசாலை விட்டபின் என்னோடு வீடுவரை நடந்து வந்து, தந்தையார் கையிற் கொடுத்தார். அதிபருக்கும் சொல்லவில்லை. அவர் எங்களிடம் ஒன்றையும் மறைத்ததில்லை. ஆதலின் அவரிடம் மறைக்க எங்களாலும் முடியவில்லை.

மகள் நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்பு, தான் சிறுமியாயிருந்த போர்க்காலத்தில், பாடசாலைக்குப் போகும் வழியிலே சோதனைச் சாவடியில் நின்றதை நினைவுகூர்ந்தாள். "துவக்கின் வாய் சரியாக என் கண்மட்டத்தில் இருக்கும். அதை வைத்திருந்தவர் நல்லவரா, கெட்டவரா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. துவக்கைத்தான் பார்த்தேன்" என்றாள்.

கிழமை முடிவில் அவள் தன் பெயரைக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு பயிற்சிக்குச் சென்றாள். காயப்பட்டவரின் குருதிப்பெருக்கை நிறுத்தும் கட்டுகள் ஒவ்வொரு பாடசாலையிலும் இருத்தல் வேண்டுமென 2019ஆம் ஆண்டில் அம்மாநிலம் விதித்திருந்தது. அவற்றைக் கையாளப் பழகி, மற்ற ஆசிரியருக்கும் பழக்குகின்றாள். அவளுடைய உடன் ஆசிரியர் எவரேனும் பெயர் கொடுத்திருக்கலாம், யாரென்று எமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அவரை யான் குறைகூற மாட்டேன். அவரும் பிள்ளைகளின் மேலுள்ள அன்பினாலேயே அப்பாரத்தைச் சுமக்கின்றார்.

யான் ஊர் திரும்பிய காலையில், என் மகள் வழக்கம்போல் வகுப்பறை வாயிலில் நின்று, உள்ளே செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுத்து வரவேற்றதைக் கண்டேன். இரு கைகளும் வெறுமையாய் இருந்தன. எனக்கு அச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அறுபது ஆண்டுக்கு முன் என் முன் நீண்ட அந்தக் கையை எமக்குத் தந்த கல்லூரி அன்னை நீடூழி வாழ்க.