சிலியின் தென்திசை ரயில் பாதையில்

ஒரு தேசத்தின் ஆகாரத்தை அறிய விரும்புகிறவர்கள் அதன் தலைநகரத்துப் பெரிய போஜன விடுதிகளில் நுழைவதைக் காட்டிலும், ரயில் நிற்கும் ஊர்களில் ஜன்னலண்டை நீட்டப்படும் கூடைகளை எட்டிப் பார்ப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம். விடுதிச் சமையற்காரர் பாரிஸை நினைத்துக்கொண்டு சமைக்கக்கூடும்; கூடைக்காரியோ தன் ஊரில் விளைந்ததும், வண்டி நிற்கும் சில நிமிஷங்களுக்குள் விற்கக்கூடியதும், ஆடுகிற பெட்டியில் உட்கார்ந்து கையால் உண்ணத்தக்கதுமான பதார்த்தத்தையன்றி வேறொன்றைக் கொண்டுவர இயலாது. ஆண்டீஸ் மலைத்தொடருக்கும் பசிபிக் சமுத்திரத்துக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் சிலி தேசத்தில், சாந்தியாகோ நகரத்திலிருந்து தெற்கே புவெர்த்தோ மொந்த் துறைமுகம் வரை ஏறத்தாழ 1,080 கிலோமீட்டர் தூரம், பல தசாப்தங்களாகத் துண்டு துண்டாக இழுக்கப்பட்டு 1913-ஆம் ஆண்டில் கடற்கரையைத் தொட்ட அந்த ரயில் பாதை இவ்விஷயத்தில் ஒரு பாடபுத்தகத்துக்குச் சமானம்.

இக்காலத்தில் தலைநகரிலிருந்து புறப்படும் நெடுந்தூரப் பிரயாணி வண்டி சில்லான் நகரத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் அங்கங்கே ஓடும் சிறிய உள்ளூர் வண்டிகளையும், பாதைக்கு ஏறக்குறைய இணையாகச் செல்லும் ஐந்தாம் எண் நெடுஞ்சாலையின் பேருந்துகளையும் மாறி மாறிப் பிடித்துத்தான் யாத்திரையைப் பூர்த்தி செய்ய வேண்டும். அதனால் கூடைகள் மறைந்துவிடவில்லை. பேருந்து நிலையங்களுக்கும் சுங்கச்சாவடிகளுக்கும் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

சாந்தியாகோவின் மத்திய ஸ்டேஷனை மூடியிருக்கும் இரும்புக் கூரை பிரான்ஸ் தேசத்துத் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டு 1897-இல் எழுப்பப்பட்டது. கோடை காலத்தில் நகரத்துத் தெருக்களில், பெரிய கண்ணாடி ஜாடிகளில் தேன் நிறச் சாறு ததும்பத் தள்ளுவண்டிகள் நிற்கும். அவற்றில் விற்கப்படும் ‘மோத்தே கோன் உவெசீயோஸ்’ என்ற பானம், குடிப்பதா தின்பதா என்று நிச்சயிக்க முடியாத வகையைச் சேர்ந்தது. கோதுமையைப் பழைய முறைப்படி சாம்பல் கரைத்த நீரில் கொதிக்கவைத்து, தோல் கழலும்படி தேய்த்து, பலமுறை அலசி, மறுபடியும் வேகவைத்துக்கொள்கிறார்கள்; கொட்டையோடு வெயிலில் உலர்த்திய பீச் பழங்களை ஓர் இரவு ஊறவைத்து, சர்க்கரையும் லவங்கப்பட்டையும் சேர்த்துக் காய்ச்சிக் குளிரவிடுகிறார்கள். குவளையின் அடியில் கோதுமை, அதன்மேல் ஊறிப் பருத்த பழம் ஒன்றோ இரண்டோ, விளிம்பு வரை சாறு, மேலே ஒரு கரண்டி. சாற்றைப் பருகி, கோதுமையை மென்று, பழத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, கொட்டையைச் சப்பி முடிக்கும்வரை வண்டிக்காரருக்குக் குவளை திரும்பக் கிடைப்பதில்லை. அசல் சிலிக்காரர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், இந்தப் பானத்தைவிடச் சிலித்தனம் மிகுந்தவர் என்பதே அங்கே வழக்கமான புகழுரை.

வண்டி நகர்ந்து மத்தியப் பள்ளத்தாக்கின் பழத்தோட்டங்களுக்கும் திராட்சைக் கொல்லைகளுக்கும் நடுவே போகையில் எங்கும் கிடைப்பது ‘எம்பனாதா’. மாவுறைக்குள் கொத்திய மாட்டிறைச்சியும் அதற்குச் சளைக்காத அளவு வெங்காயமும் வதக்கி, ஒரு துண்டு அவித்த முட்டை, சில உலர்ந்த திராட்சை, ஒரு கறுப்பு ஆலிவ் ஆகியவற்றை உள்ளே வைத்து, மடித்து, அடுப்பில் சுட்டெடுப்பது இது. செப்டம்பர் 18-ஆம் தேதி வரும் தேசியத் திருநாளில் இதில்லாத வீடு அரிது. ஆலிவை அநேகமாகக் கொட்டையோடுதான் வைப்பார்கள் என்பதை அந்நியர்கள் முன்கூட்டியே அறிந்துகொள்வது பல்லுக்கு க்ஷேமம்.

கூரிகோ நகரத்தில் மெல்லிய மாவடுக்குகளுக்கிடையே, பாலும் சர்க்கரையும் சுண்டக் காய்ச்சிய ‘மன்ஹார்’ பூசிய கேக்குகள் பிரசித்தம். தித்திப்பு எனக்குச் சற்று மிகை என்றே தோன்றும். தால்கா ஊரார் தங்கள் நகரத்தைப் பாரிஸ், லண்டன் ஆகியவற்றோடு ஒரே மூச்சில் சொல்லிக்கொள்ளும் பழமொழி ஒன்று உண்டு. தின்பண்ட விஷயத்தில் அந்தப் பெருமிதத்துக்கு ஆதாரம் தேடி நேரத்தைப் போக்காமல் சில்லானுக்குப் போய்விடலாம்.

1939-ஆம் ஆண்டு ஜனவரி மாதப் பூகம்பத்தில் நாசமாகி மீண்டும் கட்டப்பட்ட சில்லானில், சந்தைக் கடைகளில் ‘லொங்கனீசா’ என்னும் பன்றியிறைச்சிக் குழல்கள் சிவந்த மாலைகளாகத் தொங்குகின்றன. அவ்வூருக்கே உரிய ‘சுஸ்தான்சியா’ என்ற மிட்டாயும் உண்டு. மெத்தென்று பஞ்சுபோல் இருக்கும் அது, ரயிலில் கூவி விற்கப்பட்டதனாலேயே தேசமெங்கும் பெயர் பெற்றது. அதன் மூலப்பொருள் பிராணிகளின் எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் ஆகையால் மரக்கறி உண்போர் அதைத் தொட வேண்டாம். அவர்கள் ரொட்டி வாங்கும்போதும் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது உத்தமம்; பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும்.

லாஹா நதி பியோ-பியோவோடு கலக்குமிடத்தில் எதிரெதிராக இருக்கும் சான் ரொசேந்தோ, லாஹா என்னும் ஊர்கள் ஒரு காலத்தில் இப்பாதையின் இதயஸ்தானமாக விளங்கின. கொன்செப்சியோனுக்குக் கிளை பிரியும் சந்திப்பு இது. இங்கே கூடைக்குள் வெள்ளைத் துணியால் மூடி விற்ற பண்டமே ‘தோர்த்தியா தெ ரெஸ்கோல்தோ’, அதாவது தணலில் புதைத்துச் சுட்ட ரொட்டி. கோதுமை மாவைக் கொழுப்பும் உப்பும் வெந்நீரும் விட்டுப் பிசைந்து, கையகல வட்டமாகத் தட்டி, விறகெரிந்து அடங்கிய அடுப்பில் தணலை ஒதுக்கிச் சூடான சாம்பலில் குழி செய்து, மாவை அதில் கிடத்தி, மேலேயும் சாம்பலைப் போர்த்திவிடுகிறார்கள். பாத்திரம் இல்லை, தட்டு இல்லை, மாவுக்கும் நெருப்புக்கும் இடையே யாதொரு தடையும் இல்லை. வெந்ததும் வெளியே எடுத்து, கத்தியின் முனையால் கருகிய மேற்புறத்தைச் சுரண்டித் துணியால் அழுந்தத் துடைத்தால், கெட்டியான பொரிந்த ஓட்டுக்குள் இறுகிய வெண்மையான உள்ளீடும், எவ்வளவு துடைத்தாலும் போகாத மெல்லிய புகைவாசனையும் உடைய ரொட்டி கிடைக்கிறது. வெண்ணெயோடோ, வெங்காயமும் கொத்தமல்லியும் மிளகாயும் நறுக்கிக் கலந்த ‘பெப்ரே’யோடோ உண்பது சம்பிரதாயம், சூடு ஆறாதிருந்தால் ஒன்றுமே வேண்டியதில்லை. இப்பாதை நெடுக எனக்கு ஒரே ஒரு பண்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பியோ-பியோவைத் தாண்டியபின், கொயிபூயி ஊரருகே மாயெக்கோ பாலம் வருகிறது. 102 மீட்டர் உயரத்தில் நிற்கும் இந்த இரும்புப் பாலத்தை 1890-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஜனாதிபதி பால்மசேதா திறந்துவைத்தார். அதன் சௌந்தரியத்தை எல்லாரும் புகழ்கிறார்கள். அது எதற்காகக் கட்டப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மாப்புச்சே மக்களின் சுதந்திர பூமியாயிருந்த அரௌகானியாவைச் சிலியின் சேனை 1861 முதல் 1883 வரை படிப்படியாகக் கைப்பற்றிக்கொண்டது. அந்தப் பூமியைப் பெரும் பண்ணைகளாக வகுத்துக் கோதுமை விதைத்தவர்களுக்குத் தானியத்தை வடக்கே ஏற்றியனுப்ப ரயில் வேண்டியிருந்தது. தேசத்தின் தானியக் களஞ்சியம் என்று பிற்காலத்தில் பாராட்டப்பட்ட பிரதேசம் இவ்விதம் உண்டானதேயாம்.

பூமியை இழந்தும் மாப்புச்சேக்கள் தங்கள் சமையலை இழக்கவில்லை. தெமுகோ நகரில் ரயில் நிலையத்தை ஒட்டிய பிந்தோ சந்தையில் அது கண்கூடு. தோலுரித்து வேகவைத்த கோதுமையை அரைத்துக் கதிர்போல் நீளமாக உருட்டிய ‘கத்தூத்தோ’, அரௌகாரியா மரத்தின் ‘பிஞோன்’ விதைகள், வறுத்த கோதுமை மாவு ஆகியவற்றோடு, புகையில் உலர்த்திய மிளகாயைக் கொத்தமல்லி விதையும் உப்பும் சேர்த்து இடித்த ‘மெர்க்கேன்’ பொடியும் குவிந்திருக்கும். காரத்தில் பற்றில்லாத அந்தத் தேசத்தில் நம் நாவுக்கு உடனே உறவாகிறது மெர்க்கேன் ஒன்றே. வறுத்த மாவைத் தண்ணீரிலோ பாலிலோ சர்க்கரையோடு கரைத்துக் குடிப்பது வழிநடைப் பிரயாணிகளின் பழைய ஆகாரம்.

வால்திவியாவுக்குக் கிளை பிரியும் அந்தீல்வே ஸ்டேஷனிலும் தணல் ரொட்டி விற்கும் பெண்கள் பெயர் பெற்றவர்கள். அதற்குத் தெற்கே மழை அதிகம், புல் அதிகம், பசுக்களும் அதிகம். 1850-க்களில் வந்து குடியேறிய ஜெர்மானியர்களின் ‘கூகன்’ என்ற பழக்கேக்கு ஒஸோர்னோ முதல் ஃப்ருத்தியார் வரை ஒவ்வொரு தேநீர்க்கடையிலும் வீற்றிருக்கிறது. ஆப்பிளைவிட, அந்தப் பிரதேசத்துக் காடுகளிலேயே விளையும் ‘மூர்த்தா’ என்ற சிறு செம்பழம் இட்டதையே கேட்டு வாங்க வேண்டும்.

பாதை முடியும் புவெர்த்தோ மொந்தில், கோதுமையின் ராஜ்யமும் முடிந்து கிழங்கின் ராஜ்யம் தொடங்கிவிடுகிறது. ஊருக்கு அண்மையிலுள்ள மோந்தே வெர்தே என்ற புராதன வசிப்பிடத்தில் காட்டு உருளைக்கிழங்கின் மிச்சங்கள் அகப்பட்டன. அவை 14,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்பது அகழ்ந்தவர்களின் கணிப்பு. உலகின் வயல்களில் இன்று விளையும் உருளைக்கிழங்கு வகைகளில் மிகப் பெரும்பாலானவை இந்தத் தென் சிலிக் கிழங்கின் வம்சமே. ஆங்கெல்மோ துறையின் சிறு உணவுக் கடைகளில், புகையூட்டிய மட்டிகள் சரம் சரமாகத் தொங்க, ‘குராந்தோ’ பரிமாறப்படுகிறது: மட்டி, சிப்பி, கோழி, புகையூட்டிய பன்றியிறைச்சி, லொங்கனீசா, உருளைக்கிழங்கு அனைத்தும் ஒரே கலத்தில் ஆவியில் வெந்தவை. அவற்றோடு இரண்டு அடைகள் வரும். பச்சைக் கிழங்கைத் துருவிப் பிழிந்து வெந்த கிழங்கோடு பிசைந்தது ‘மில்காவோ’. வெந்த கிழங்கையும் கோதுமை மாவையும் சேர்த்துப் பிசைந்தது ‘சாப்பலேலே’.

கடைகளில் கிடைப்பது பானைக் குராந்தோதான். குழி தோண்டிக் கற்களைப் பழுக்கக் காய்ச்சி, அடுக்கடுக்காக வைத்து, அகன்ற ‘நல்கா’ இலைகளாலும் புற்பத்தைகளாலும் மூடி வேகவைக்கும் அசல் வகையை விரும்புகிறவர்கள் சக்காவோ ஜலசந்தியைக் கடந்து சிலோயே தீவுக்குப் போக வேண்டும். அத்தீவிலும் அங்குத், காஸ்த்ரோ என்னும் ஊர்களுக்கு இடையே 1912 முதல் குறுகிய ரயில் பாதை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. 1960-ஆம் ஆண்டு மே மாதப் பெரும் பூகம்பம் அதை அழித்துவிட்டபின் மறுபடியும் போடவில்லை. ஆகையால் தீவில் இறங்கியதும் பேருந்தைத்தான் பிடிக்க வேண்டும்.