எந்தப் பறவை?

வேட்டைப் பறவையைக் கைமேல் ஏந்தி நடக்கும் வாய்ப்பு எனக்கு இல்லை. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் அதற்கு இடம் தரவில்லை; தராததும் நியாயமே. ஆனாலும் சில வருஷங்களாக இந்த வித்தையைப் பற்றிய புத்தகங்களைத் தேடிப் படித்து வருகிறேன். படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி கூடவே வருகிறது: எனக்கென்று ஒரு பறவையை எடுத்துக்கொள்ளச் சொன்னால் எதை எடுப்பேன்? விளையாட்டாக ஆரம்பித்த கேள்வி. ஆனால் ஒருவன் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பதை வெளியே இழுத்துப் போட்டுவிடுகிற கேள்வி.

குமாவுன் அரசன் ருத்ரதேவன் எழுதிய 'சைனிக சாஸ்திரம்' என்ற சமஸ்கிருத நூலை 1910இல் ஹரப்பிரசாத் சாஸ்திரி கல்கத்தாவில் பதிப்பித்தார். இந்த நாட்டு வேட்டைக்காரர்கள் பறவைகளைக் கண்ணை வைத்தே இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று கருங்கண் இனம். மற்றது பாதிரிப்பூ நிறக் கண் இனம். அழகுக்காகச் செய்த பிரிவினை அல்ல இது. பெரிக்ரின் முதலான கருங்கண் பறவைகளுக்கு நீண்டு கூர்ந்த சிறகு. வெகு உயரத்தில் சுற்றிக் காத்திருந்து, இரை கிளம்பியதும் செங்குத்தாக விழும். அதற்குத் திறந்த வெளி வேண்டும். கோஸ்ஹாக் போன்ற மற்ற இனத்துக்குக் குட்டைச் சிறகு, நீண்ட வால். வேட்டைக்காரனின் முஷ்டியிலிருந்தே பாய்ந்து, மரங்களுக்கிடையே வளைந்து, காலால் பற்றிக் கொல்லும். முன்னதற்கு வானம் களம், பின்னதற்குப் புதர்.

இப்படி ஸ்தூலமாக இருந்த விஷயத்தை மனிதனின் அகந்தை வேறொன்றாக ஆக்கியது. 1486இல் இங்கிலாந்தில் அச்சான செயின்ட் ஆல்பன்ஸ் புத்தகத்தில் ஒரு பட்டியல் உண்டு. சக்கரவர்த்திக்குக் கழுகு, அரசனுக்கு ஜிர்ஃபால்கன், சிறு நிலக்காரனுக்கு கோஸ்ஹாக் என்று அந்தஸ்து வாரியாகப் பறவைகள். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு யாரும் வேட்டைக்குப் போயிருக்க முடியாது. அரசனின் பறவையை அடர்ந்த காட்டில் விட்டால் அது வெறுங்காலோடு திரும்பும், அல்லது திரும்பாது. பட்டியலில் தாழ்ந்து கிடக்கும் கோஸ்ஹாக்கைப் பிரெஞ்சுக்காரர்கள் சமையற்காரன் என்றார்கள். வீட்டுப் பானையை நிரப்புவது அதுதான்.

1936இல் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்த டி. எச். ஒயிட் ஒரு கோஸ்ஹாக்கை வரவழைத்தார். 1619இல் வெளியான ஒரு புத்தகத்தை வழிகாட்டியாகக் கொண்டு, அதைத் தூங்கவிடாமல் தானும் தூங்காமல் இரவுகளைக் கழித்தார். கடைசியில் இற்றுப்போன கயிற்றை அறுத்துக்கொண்டு பறவை போய்விட்டது. 1951இல் வந்த அந்தப் புத்தகத்தைப் படிக்கையில், அவர் பழக்க முயன்றது பறவையை அல்ல, தன்னைத்தான் என்று எனக்குப் படுகிறது. பாரி ஹைன்ஸின் 1968ஆம் வருஷத்து நாவலில் சுரங்க ஊர்ப் பையன் ஒருவன் கெஸ்ட்ரல் குஞ்சை எடுத்து வளர்க்கிறான். காற்றில் நின்ற இடத்திலேயே சிறகடிக்கும் சிறு பறவை. அவன் எந்தப் பட்டியலையும் பார்க்கவில்லை. அவன் ஊரில், அவன் கைக்கு எட்டும் சுவரில் இருந்தது அது. பறவையில் தன்னைத் தேடாமல் பறவையையே பார்த்தவன் என்பதால், இந்த இருவரில் நல்ல தேர்வு பையனுடையது என்பேன்.

ஏனென்றால் வித்தை தெரிந்தவர்கள் கேட்கும் கேள்விகள் வேறு. உன்னைச் சுற்றி இருப்பது என்ன நிலம்? அதில் என்ன இரை? தினமும் எத்தனை மணி நேரம் தருவாய்? நாள்தோறும் பறவையைத் தராசில் நிறுத்துகிறார்கள். சில கிராம் கூடினால் அதற்குப் பசி இல்லை, கூப்பிட்டால் வராது. குறைந்தால் உயிருக்கு ஆபத்து. சிறிய இனங்களில் இந்த இடைவெளி இன்னும் மெல்லியது. அன்பினால் அது திரும்பி வருவதில்லை. இதை ஒப்புக்கொள்ள முடியாதவன் எந்த இனத்தை எடுத்தாலும் ஒன்றுதான்.

எழுதுகிறவர்கள் மத்தியில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்க்கிறேன். எல்லோரும் பெரிக்ரினைத்தான் கேட்கிறார்கள். உயரமும் தனிமையும் ஒரே வீழ்ச்சியும் நம் சுய பிம்பத்துக்கு ஒத்துவருகின்றன. எனக்கும் ஆசை அதன்மேல்தான். ஆனால் நம்மில் பலருடைய நிலம் புதர் நிலம். பத்தடி தூரத்தில் கிளம்பி மறையும் ஒன்றைக் கையிலிருந்தே பாய்ந்து பிடிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வேண்டியது குட்டைச் சிறகு. வானம் இல்லாத இடத்தில் வானத்துக்குரிய பறவையை விட்டுவிட்டு, அது திரும்பவில்லை என்று வாசகனைக் குறை சொல்கிற எழுத்து நம்மிடம் நிறைய இருக்கிறது.

என் நிலத்தைப் பார்த்தால் கோஸ்ஹாக். என் நேரத்தைப் பார்த்தால், அலுவலகம் போக மிஞ்சும் ஒரு மணியைப் பார்த்தால், எதுவும் இல்லை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இதுவே என் பதில்.

மேற்கு மங்கோலியாவின் கசாக்குகள் பெண் கழுகைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆணைவிடப் பெரியது, பனிக்கால நரியை அமுக்கிப் பிடிக்கும் வலு உள்ளது. சில வருஷங்கள் வேட்டையாடியபின், அது குஞ்சு பொரிக்கட்டும் என்று மலையில் விட்டுவிடுவது அவர்கள் வழக்கம். பறவையைக் கையில் வாங்கும்போதே கை அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளும் தெரிந்திருக்கிறது. எதை எடுப்பது என்பதைக் காட்டிலும் கஷ்டமான தேர்வு அந்த நாள் எது என்பதுதான்.