ஒரு நாள் அழகி

காலையில் மலர்ந்து அன்றிரவே வாடி விழுந்துவிடும் ஒரு பூவுக்காக நீங்கள் மூன்று வருஷம் காத்திருப்பீர்களா? "நன்றாயிருக்கிறது! எங்களுக்கு வேறு வேலை கிடையாதா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அப்படிக் காத்திருந்த ஓர் அம்மாளைப் பார்த்தேன். கடைசி இரண்டு வாரம் அவரோடு சேர்ந்து நானும் காத்திருந்தேன். அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பெண்ணின் பிரசவத்துக்காக அமெரிக்கா போகும் தாய்மார்கள் என்னென்ன பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. நயாகரா ஒரு நாள், சுதந்திர தேவி சிலை ஒரு நாள், பாக்கி நாளெல்லாம் அடுப்பும் தொட்டிலும்! நியூ ஜெர்ஸியில் என் வாழ்க்கையும் அப்படித்தான் கழிந்துகொண்டிருந்தது. ஆனால் சமையலறை ஜன்னலுக்கு நேரே அடுத்த வீட்டுக் கொல்லை. ஜூலை மாதம் பிறந்ததோ இல்லையோ, அந்தக் கொல்லையில் யாரோ பட்டுப் புடவைகளைப் பிரித்துப் போட்டது போல் ஆகிவிட்டது. மஞ்சள், மாதுளை, அரக்கு, கத்தரிப்பூ நிறம். ஒன்றில் ஜரிகைக் கரை. ஒன்றில் சுங்குடிப் புள்ளி. இன்னொன்றில் வளையத்துக்குள் வளையம். அத்தனையும் பூ!

வேலிக்கு அப்பால்

ஜன்னலில் என் முகத்தைத் தினமும் பார்த்துவிட்டு, ஒரு நாள் அந்த வீட்டு அம்மாளே கையசைத்துக் கூப்பிட்டார். வயசு எழுபத்தைந்து இருக்கும். தலையில் ஓலைத் தொப்பி, கையில் ஒரு வாளி. வாளி நிறைய வாடிய பூக்கள்.

"இவை நேற்றைய அழகிகள்" என்றார் சிரித்துக்கொண்டே.

பூவின் பெயர் டே லில்லி. ஹெமரோகாலிஸ் என்பது சாஸ்திரப் பெயர். 'ஒரு நாள் அழகு' என்று கிரேக்க மொழியில் அர்த்தம். பெயரில் லில்லி இருக்கிறதே தவிர, இது அசல் லில்லி அல்ல. லில்லிக்குக் கிழங்கு உண்டு. இதற்குச் சதைப்பிடிப்பான வேர்க் கொத்துதான். இன்றைய தாவர சாஸ்திரப்படி நம் கற்றாழை இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. விசிறி விரித்தாற்போல் இலைகள். நடுவிலிருந்து எழும் தண்டில் பதினைந்து, இருபது மொட்டுகள். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு நாள்தான் ஆயுள். ஆனால் இன்று ஒன்று போனால் நாளை ஒன்று வரும். ஒரு புதர் மூன்று, நான்கு வாரம் வீட்டை அலங்கரித்துவிடும்.

கோலத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார் அந்த அம்மாள். பூவின் உள்ளே பச்சையோ மஞ்சளோ தெரிவது தொண்டை. அதைச் சுற்றி இருண்ட வட்டம் இருந்தால் அது கண். வட்டம் இதழைவிட வெளிறியிருந்தால் நீர்க்குறி. நம் ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிறதே, அது மாதிரி. இதழோரத்தில் வேறு நிறம் ஓடினால் கரை. கண்ணுக்குள்ளேயே வளையம் வளையமாகவோ, இறகு போலவோ, நரம்பு நரம்பாகவோ நிறங்கள் பிரிந்தால், அதுதான் 'கோலப் பூ'. அமெரிக்க டே லில்லி சங்கம் கோலப் பூக்களுக்கென்றே, ப்ளோரிடாவில் பூ வளர்த்த மன்ஸன் என்பவர் பெயரால் ஒரு விருது வைத்திருக்கிறது என்றால் பாருங்களேன்!

"இதன் பூர்வோத்தரம் தெரிய வேண்டுமானால் ப்ராங்க்ஸ் தோட்டத்துக்குப் போய் வாருங்கள்" என்றார் அந்த அம்மாள். அடுத்த சனிக்கிழமை குழந்தையை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, நானும் என் பெண்ணும் கிளம்பிவிட்டோம்.

ப்ராங்க்ஸ் யாத்திரை

நியூ யார்க் நகரத்தின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் ரயில் ஏறினால் அரை மணிக்குள் தாவரத் தோட்டத்தின் வாசலிலேயே இறங்கலாம். 1891ல் ஏற்பட்ட தோட்டம், 250 ஏக்கர். கால் வலிக்க நடந்து, டே லில்லிகள் பூத்திருக்கும் பாதையைச் சேர்ந்தோம். அதற்கு முன்பே வழியெல்லாம் ஒரு காவி நிறப் பூவைப் பார்த்திருந்தேன். ரயில் பாதை ஓரம், சாக்கடை ஓரம், இடிந்த சுவர் ஓரம், எங்கும் அதுதான். அதுவும் டே லில்லியாம்!

சீனா, ஜப்பான், கொரியா நாடுகளில் பிறந்த செடி இது. சீனர்கள் சில ஜாதிகளின் மொட்டை உலர்த்தி, 'தங்க ஊசி' என்று பெயரிட்டு சூப்பில் போடுகிறார்கள். (அதைப் படித்துவிட்டுத் தோட்டத்துப் பூவையெல்லாம் குழம்பில் போட்டுவிடாதீர்கள்! அவர்கள் சமைப்பது அதற்கென்றே உள்ள ஜாதியை.) அவர்கள் இதற்கு வைத்த இன்னொரு பெயர் 'துயரை மறக்கச் செய்யும் செடி'. பிள்ளை தூர தேசம் போகும்போது, தாயின் ஏக்கம் தணிய அவள் முற்றத்தில் இதை நட்டுவிட்டுப் போவானாம். இதை என் பெண்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

வழியோரத்துக் காவிப் பூவுக்கு ஒரு குறை உண்டு. அது விதை வைப்பதில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது பரவியதெல்லாம் வேர் படர்ந்தும், கைக்குக் கை கொடுத்து வாங்கியும்தான். ஏன் இது காய்க்கவில்லை என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் டாக்டர் ஸ்டவுட். 1911ல் இந்தத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். சீனாவில் நான்கிங் சர்வகலாசாலையில் இருந்த ஸ்டூவர்ட் என்பவர் அவருக்குப் புதுப் புதுச் செடிகள் அனுப்பி வைத்தார். அவற்றை ஒன்றோடு ஒன்று கலந்து, பல்லாயிரம் நாற்றுகள் வளர்த்தார் ஸ்டவுட். அவற்றில் பெயர் சூட்டத் தகுந்தவை என்று அவர் வைத்துக்கொண்டவை நூறுகூட இல்லை! 1929ல் வந்த 'மிகாடோ'வில் ஆரஞ்சு இதழ்மேல் கருஞ்சிவப்புத் திட்டு இருந்தது. 1934ல் வந்த 'தெரோன்' கருஞ்சிவப்பு. அதுவரை மஞ்சளும் காவியும்தான் கதி என்றிருந்த குலத்தில் அது எப்பேர்ப்பட்ட அதிசயம்! இன்று அந்தச் சங்கத்தின் பதிவில் 80,000க்கும் மேற்பட்ட ரகங்கள் இருக்கின்றன. ஆண்டுதோறும் தலைசிறந்த பூவுக்குத் தரும் வெள்ளிப் பதக்கத்துக்கு ஸ்டவுட்டின் பெயர்தான். அசல் நீலமும், பால் போன்ற வெள்ளையும் மட்டும் இன்னும் யாருக்கும் அகப்படவில்லை.

இதில் நம் ஊர்ப் பெருமை ஒன்றும் உண்டு. டே லில்லியின் குரோமோசோம் 22. அதை 44 ஆக இரட்டித்தால் இதழ் தடிக்கும், நிறம் அழுத்தமாகும். கோலமும் கரையும் ஜொலிக்கும் பல ரகங்கள் அப்படி உண்டானவைதான். இரட்டிப்பதற்கு உதவும் மருந்து கோல்சிசின். அந்த மருந்துச் சரக்கு நம் செங்காந்தளிலும் இருக்கிறது. மூலனூர்ப் பக்கத்து விவசாயிகள் 'கண்வலிக் கிழங்கு' என்று பயிர் செய்து விதையை விற்பது இதற்காகத்தான்.

மூன்று வருஷக் கணக்கு

திரும்பி வந்து நான் பார்த்ததையெல்லாம் ஒப்பித்ததும், அந்த அம்மாளுக்கு என்மேல் தனி அபிமானம் உண்டாகிவிட்டது. உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வரியிலும் இரண்டு பூக்களின் பெயர். முதலில் தாய், பிறகு தந்தை.

"எழுத்து என்னுடையது. மகரந்தம் தடவுவது அவர் வேலை. எனக்குக் கை நடுங்கும்" என்றார். 'அவர்' என்றால் கணவர். அதற்கு முந்தின வருஷம் பனிக்காலத்தில் காலமாகிவிட்டார்.

முறை சுலபம்தான். காலையில் பூ விரிந்ததும், ஒரு பூவின் மகரந்தத்தைச் சிறு சாமணத்தால் எடுத்து, மற்றொரு பூவின் நடுவே நீண்டிருக்கும் தண்டின் நுனியில் தடவ வேண்டும். 22ஐ 22உடனும், 44ஐ 44உடனும்தான் சேர்க்க வேண்டும். ஜாதகம் மாறினால் பெரும்பாலும் காய் பிடிக்காது! பெயர் எழுதிய சீட்டைக் கட்டிவிட வேண்டும். இரண்டு மாதத்தில் காய் வெடித்து, மிளகு போலப் பளபளக்கும் கறுப்பு விதை கிடைக்கும். அதை ஈரத்தோடு சில வாரம் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து விதைப்பார்கள். அப்புறம் பூவுக்கு, அந்தக் குளிர் தேசத்தில், இரண்டு மூன்று வருஷம்.

கஷ்டம் எங்கே என்றால், கோலம் வாரிசுக்கு வருவது நிச்சயமில்லை. வளையமுள்ள தாய்க்கும் கரையுள்ள தந்தைக்கும் இரண்டும் இல்லாத பிள்ளை பிறக்கும். அப்படிப் பிறந்ததை ஈவு இரக்கமில்லாமல் பிடுங்கி எருக்குழியில் போட்டுவிட வேண்டும்; இல்லாவிட்டால் தோட்டத்தில் இடம் போதாது. முந்தின நாள்கூட மூன்று செடிகளை, முதல் பூவைப் பார்த்த கையோடு, அந்த அம்மாள் பிடுங்கிப் போட்டதை நானே ஜன்னலில் பார்த்தேன்.

வேலி ஓரத்தில் ஒரு நாற்று தனியாக நின்றது. கணவர் கையால் கடைசியாகத் தடவிய மகரந்தம். காய் பிடித்து, விதைத்து, முளைத்தவற்றில் அந்தப் பனிக்காலத்தைத் தாண்டி நின்றது அது ஒன்றுதான். வளையம் ஒன்றிலிருந்தும் கரை ஒன்றிலிருந்தும் வர வேண்டும் என்பது அவர் ஆசை. தண்டு எழும்பி, மூன்று மொட்டுகள் வைத்திருந்தது.

பங்கு பிரித்தல்

காத்திருந்த நாட்களில் வளர்ப்பு முறையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தப் பக்கம் பெண்ணோ பிள்ளையோ குடியிருக்கும் நேயர்கள் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

தினம் ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். அழுத்தமான நிறமுள்ள பூவுக்கு மட்டும் பிற்பகலில் நிழல் தேவை. உச்சி வெயிலில் அதன் நிறம் கரைந்து வழியும். தண்ணீர் தேங்கக் கூடாது. மொட்டு வைக்கும் காலத்தில் காயவும் கூடாது. இரவு குளிர்ந்தால் கோலம் ஒரு விதமாகவும், வெப்பமாக இருந்தால் வேறு விதமாகவும் தெரியும். ஆகையால் முதல் நாள் பூவைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம், கர்வப்படவும் வேண்டாம். வாடிய பூவைத் தினமும் கிள்ளிவிட வேண்டும். குளிரில் இலையுதிர்த்து உறங்கும் ஜாதி பனி தேசத்துக்கு ஏற்றது. பசுமை மாறாத ஜாதி ப்ளோரிடா போன்ற வெப்பப் பிரதேசத்துக்கு ஏற்றது. வீட்டில் பூனை இருந்தால் மட்டும் இந்தச் செடியே வேண்டாம். இலையோ பூவோ மகரந்தமோ சிறிது உள்ளே போனாலும் பூனையின் சிறுநீரகம் கெட்டு, உயிருக்கே ஆபத்து.

கோலம் மாறாமல் வேண்டுமானால் விதையை நம்பக் கூடாது; புதரைத்தான் பிரிக்க வேண்டும். மூன்று, நான்கு வருஷத்துக்கு ஒரு முறை, பூத்து முடிந்ததும், புதரைத் தோண்டி எடுத்து, மண்ணைக் கழுவி, விசிறி விசிறியாகக் கையால் பிரிக்க வேண்டும். இலையை அரையடி விட்டு நறுக்கி, வேரை நன்றாகப் பரப்பி, இலையும் வேரும் சேரும் இடம் ஒரு அங்குலத்துக்குமேல் புதையாமல் நட வேண்டும். செடிக்குச் செடி இரண்டடி இடைவெளி.

"ஊருக்கு எடுத்துப் போங்கள்" என்று எனக்கே ஒரு விசிறியைப் பிரித்துத் தர வந்தார் அந்த அம்மாள். செடியை நினைத்தபடி விமானத்தில் கொண்டுவரச் சட்டம் இடம் தராது. அனுமதிச் சீட்டும், நோயில்லை என்ற சான்றும் வேண்டும். விஷயத்தைச் சொன்னேன். "அப்படியானால் உங்கள் பெண் வீட்டில் நடுவோம்" என்று மண்வெட்டியை எடுத்துவிட்டார். நட்டுவிட்டு, சீனர்கள் சொல்லும் கதையை நான் சொன்னேன். "அது பிள்ளை தாய்க்காக நடுவது. இங்கே தாய் பெண்ணுக்காக நட்டிருக்கிறாள். செடிக்கு வித்தியாசம் தெரியாது" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை

நான் ஊருக்குக் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஜன்னல் கதவைத் தட்டும் சப்தம். அந்த அம்மாள்! இரவு உடையின் மேலே ஒரு கம்பளிச் சட்டை. அடுப்பிலிருந்த பாலை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஓடினேன்.

பூ விரிந்திருந்தது.

கரை இல்லை. வளையம் இல்லை. சாயம் போன ரவிக்கைத் துணி போல ஒரு மங்கல் ரோஜா நிறம். தொண்டையைச் சுற்றி, யாரோ ஈரக் கையால் துடைத்துவிட்டாற்போல் லேசான கறை. அவ்வளவுதான்.

என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அந்த அம்மாள் குனிந்து வெகு நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "முதல் வருஷத்துப் பூவை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ராத்திரி வேறு குளிர்ந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும்" என்றார்.

எருக்குழிப் பக்கம் நான் பார்க்கவில்லை. "ஆமாம், குளிர்தான்" என்றேன்.

இந்த ஜூலையில் என் பெண் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம், நாங்கள் நட்ட செடியைப் பிடித்துக்கொண்டு என் பேத்தி நிற்கிறாள். செடி அவள் உயரம் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம், அதே மங்கல் ரோஜா நிறப் பூ. கரை இன்னும் வரவில்லை. ஆனால் கறை இருந்த இடத்தில், மெல்லியதாக, ஒரே ஒரு வளையம்.

படத்தின் கீழே என் பெண் எழுதியிருந்தாள்: "மாமி உன்னிடம் சொல்லச் சொன்னார்கள். இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாமாம்."