கார் அரை மணி நேரம் நின்றால் ஊருக்கு என்ன லாபம்?
ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு மின்சாரப் பயணம்

செங்கல்பட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினால்தான் சென்னை முடிந்து நாட்டுப்புறம் தொடங்குகிறது. படாளம் வருகிறது. அடுத்து மதுராந்தகம் ஏரி. தண்ணீர் நிறைந்த காலத்தில் கரையோரம் போகிறவர்கள் ஒரு நிமிஷமாவது தலையைத் திருப்பிப் பார்க்காமல் போவதில்லை. பிறகு திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, விராலிமலை, மேலூர், மதுரை. சென்னையிலிருந்து சுமார் 460 கிலோமீட்டர். பழைய ஆட்களுக்கு விழுப்புரம் வழியாகத் திருச்சிக்குப் போகும் இந்த ரோடு, ஜி.எஸ்.டி. ரோடு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊர் திரும்பும் வழியும் இதுதான்.

சில வருஷங்களாக இந்தச் சாலையில் பச்சை நம்பர் பிளேட் போட்ட கார்கள் கண்ணில் படுகின்றன. எல்லாம் மின்சாரக் கார்கள். 2022 மார்ச் மாதத்தில் பாரத் பெட்ரோலியம் நிறுவனம், சென்னை–திருச்சி–மதுரை சாலையில் போக, வர 900 கிலோமீட்டருக்குத் தன் பங்க்குகளில் வேக சார்ஜர்களை வைத்தது. ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கு ஒன்று என்பது கணக்கு. அதன்பிறகு மற்ற எண்ணெய் நிறுவனங்களின் பங்க்குகள், சாலையோர ஹோட்டல்கள், தனியார் சார்ஜிங் நிறுவனங்கள் என்று வரிசையாக வந்துவிட்டன. ‘நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது?’ என்ற பயம் இந்தப் பாதையில் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது.

பதினாறு மோட்டார் ஒன்றாக ஓடினால்...

வேக சார்ஜர் என்றால் என்ன என்பதை விவசாயிக்குப் புரியவைக்கப் பெரிய பாடம் தேவையில்லை. 5 எச்.பி. பம்ப்செட் ஏறக்குறைய 3.7 கிலோவாட். 60 கிலோவாட் வேக சார்ஜர் என்பது அப்படிப்பட்ட 16 மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமம். 5 எச்.பி. மோட்டார் 8 மணி நேரம் ஓடி இழுக்கும் 30 யூனிட் மின்சாரத்தை, இந்த சார்ஜரால் அரை மணி நேரத்தில் கொடுக்க முடியும். ஆனால், அதை வாங்கிக்கொள்ளும் வேகம் காருக்குக் கார் மாறும். சார்ஜர் பெரிதாக இருந்தாலும் காரின் பேட்டரி எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் இழுக்கும்.

இன்னொரு விஷயம், 80 சதவிகிதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் குறைந்துவிடும். சாக்கில் நெல் பிடிப்பதைப்போல. முதல் முக்கால் சாக்கு மடமடவென்று நிறையும். கடைசியில் குலுக்கிக் குலுக்கித்தான் நிரப்ப முடியும். அதனால்தான் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் 80 வந்ததும் கன்னைக் கழற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கடைசி 20 சதவிகிதத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பாதி தூரம் போய்விடலாம்.

தாம்பரத்திலிருந்து மதுரைக்கு

ஒரு குடும்பத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். 40 யூனிட் பேட்டரி உள்ள கார். நிதானமாக ஓட்டினால் ஒரு யூனிட்டுக்கு ஆறேகால் கிலோமீட்டர், முழு சார்ஜில் 250 கிலோமீட்டர் ஓடும். முதல்நாள் இரவே வீட்டில் முழுதாக சார்ஜ் ஏற்றிக்கொண்டு காலை 6 மணிக்குத் தாம்பரத்தில் புறப்படுகிறார்கள். பின் சீட்டில் அப்பத்தாவும் இரண்டு பேரப்பிள்ளைகளும்.

திண்டிவனம் வரை பேச்சிலேயே போய்விடும். நிலக்கடலை போடுகிறவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் வேறு வகையிலும் பழக்கம். டி.எம்.வி. ரகங்கள் இங்கே உள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை. கோடையில் வந்தால் சாலையோரம் தர்பூசணி மலைபோல் குவிந்துகிடக்கும். விழுப்புரத்தை நெருங்கும்போது 135 கிலோமீட்டர் ஓடியிருக்கும். பேட்டரியில் 46 சதவிகிதம் மிச்சம். பிள்ளைகளுக்குப் பசி வந்திருக்கும். சார்ஜர் இருக்கும் ஹோட்டலில் வண்டியை விட்டுவிட்டு இட்லி, பொங்கல் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் 80 சதவிகிதம். சுமார் 25 நிமிஷம்.

அடுத்த நிறுத்தம் பெரம்பலூர். சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி என்று மானாவாரி மண் இரண்டு பக்கமும் விரியும் இடம். விழுப்புரத்திலிருந்து 110 கிலோமீட்டர். மிச்சம் 36 சதவிகிதம். இங்கே மதியச் சாப்பாடு, முக்கால் மணி நேரம். திங்கள் அல்லது வெள்ளிக்கிழமையாக இருந்தால் பக்கத்தில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை திறந்திருக்கும், கும்பிட்டுவிட்டுப் போகலாம். கிளம்பும்போது 85 சதவிகிதம்.

சமயபுரம் தாண்டி, கொள்ளிடம், காவிரி இரண்டையும் கடந்து, வாழைத்தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே திருச்சியைச் சுற்றிப் போனால் விராலிமலை. முருகன் கோயிலும் மயில்களும் உள்ள ஊர். அங்கே டீ குடிக்கக் கால் மணி நேரம் நிற்கிறார்கள். அதற்குள் 6 யூனிட் ஏறினால் போதும். துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர் எனப் பெரியாறு பாசன வயல்களைத் தொட்டுக்கொண்டு மதுரைக்குள் நுழையும்போது பேட்டரியில் 20 சதவிகிதத்துக்கு மேல் மிச்சம் இருக்கும்.

வழியில் மூன்று முறை நின்றதில் மொத்தம் ஒன்றரை மணி நேரம் போலத்தான். பெட்ரோல் காரில் போயிருந்தாலும் இட்லிக்கும் சாப்பாட்டுக்கும் டீக்கும் இவர்கள் நிற்கத்தான் போகிறார்கள். உண்மையில் வயதானவர்கள் இருக்கும் குடும்பத்துக்கு இது நல்லது. ‘இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம்’ என்று விரட்டாமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பத்தா இறங்கிக் கால் நீட்டி நடக்க முடிகிறது. ஓட்டுகிறவர் கண்ணுக்கும் ஓய்வு.

செலவு எவ்வளவு?

வழியில் ஏற்றியது சுமார் 40 யூனிட். பொது சார்ஜரில் விலை இடத்துக்கு இடம் மாறும். வரி உட்பட யூனிட் 22 ரூபாய் என்று வைத்தால் 880 ரூபாய். வீட்டில் ஏற்றிய 40 யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் 320 ரூபாய். ஆக 1,200 ரூபாய். இதே 440 கிலோமீட்டரை லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் காரில் போனால், லிட்டர் 100 ரூபாய் கணக்கில் 2,900 ரூபாய்க்கு மேல் ஆகும். ஆனால், மின்சாரக் காரின் விலை கூடுதல். வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்குப் போவதற்காக மட்டும் வாங்கினால் கட்டாது. தினமும் ஓட்டம் இருக்கிறவருக்கு, அதிலும் வீட்டிலேயே சார்ஜ் ஏற்ற வசதி இருக்கிறவருக்குத்தான் கணக்கு நேராகும்.

பைபாஸ் கொண்டுபோனது திரும்பி வருமா?

கார் வாங்காத விவசாயிக்கும் இந்தப் பயணத்தில் ஒரு சேதி இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தச் சாலை ஊர்களுக்கு நடுவே போனது. பஸ்ஸும் லாரியும் காரும் நின்று போகும். வேர்க்கடலை, வெள்ளரிப் பிஞ்சு, கொய்யா, நுங்கு என்று கூடையோடு நின்றவர்களுக்கு அன்றாடம் காசு கிடைத்தது. நான்குவழிச் சாலையும் பைபாஸும் வந்தபிறகு வண்டிகள் ஊரைத் தொடாமல் பறக்கத் தொடங்கின. பங்க்கில் பெட்ரோல் போட ஐந்து நிமிஷம். அந்த நேரத்தில் யாரும் இறங்கிப் பேரம் பேசுவதில்லை.

மின்சாரக் கார் நிற்பது ஐந்து நிமிஷம் அல்ல. அரை மணி நேரம். பையில் காசு வைத்துக்கொண்டு, செய்ய வேறு வேலை இல்லாமல் ஒரு குடும்பமே அரை மணி நேரம் நிற்கிறது. இது வியாபாரிக்குக் கிடைக்காத வாய்ப்பு. ஆனால், இப்போது பல சார்ஜர்கள் பெரிய ஹோட்டல் வாசலிலும் பங்க்கிலும் இருக்கின்றன. அங்கே கிடைப்பது பாக்கெட் சிப்ஸும் பாட்டில் பானமும்தான். கூப்பிடு தூரத்தில் விளையும் தர்பூசணியும் சின்ன வெங்காயமும் அந்த வாசலுக்கு வருவதில்லை. திண்டிவனத்துச் செக்கு எண்ணெய், பெரம்பலூர் வெங்காயம், மணப்பாறை முறுக்கு, மேலூர்க் கரும்பு என்று அந்தந்த இடத்துப் பொருளை ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, மகளிர் குழுவோ சார்ஜருக்குப் பக்கத்தில் சின்னக் கடையாக வைத்தால், காரில் வருகிறவர்களே வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். பெரிய முதலீடு வேண்டியதில்லை. நிழல், குடிதண்ணீர், சுத்தமான கழிப்பறை, விலை எழுதிய பலகை. பெண்களும் வயதானவர்களும் ஓரிடத்தில் நிற்பதா, தாண்டிப் போவதா என்று முடிவு செய்வது பெரும்பாலும் கழிப்பறையை வைத்துத்தான்.

இடம் இருக்கிறவர்கள் கவனத்துக்கு...

மின்சார வண்டிக்கு சார்ஜ் ஏற்றிக் கொடுப்பது ஒரு சேவை. அதற்கு மின்சாரச் சட்டப்படி லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018-லேயே தெளிவுபடுத்திவிட்டது. அதே துறை 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், நெடுஞ்சாலைகளின் இரண்டு பக்கமும் 20 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையமாவது இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே, சாலையோரம் நிலம் வைத்திருக்கிறவர்களைத் தேடி நிறுவனங்கள் வரும் காலம் இது. யாராவது வந்தால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம்.

* வாடகைக்கா, வருமானத்தில் பங்குக்கா, எத்தனை வருஷத்துக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். மின்சார பில்லை யார் கட்டுவது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

* விவசாயத்துக்கான இலவச மின்சாரத்தை இதற்குத் தொடக்கூடாது. சார்ஜிங் நிலையத்துக்குத் தனி இணைப்பு, தனிக் கட்டணப் பிரிவு உண்டு. 60 கிலோவாட் என்பது 16 மோட்டார்களின் சுமை. உங்கள் பகுதி டிரான்ஸ்பார்மர் அதைத் தாங்குமா, புதிதாகப் போட வேண்டுமா, அதற்கு எவ்வளவு ஆகும் என்பதை மின்வாரிய அலுவலகத்தில் முதலிலேயே கேளுங்கள்.

* தேசிய நெடுஞ்சாலையிலிருந்து நிலத்துக்கு வண்டி இறங்கும் வழிக்கு நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி வேண்டும். இது இல்லாமல் கட்டடம் எழுப்பினால் காசு வீண்.

* காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை சூரியசக்தி மின்சாரம் அதிகம் கிடைக்கும் நேரம். அந்த நேரத்தில் சார்ஜிங் நிலையத்துக்கான மின்சார விலை குறைவாக இருக்க வேண்டும் என்று மத்திய வழிகாட்டுதல் சொல்கிறது. பகலில்தான் பயணிகளும் இறங்கிப் பொருள் வாங்குவார்கள். கடையைப் பகலுக்கு ஏற்றபடி திட்டமிடலாம்.

பயணம் போகிறவர்களுக்கு...

* 20 சதவிகிதத்துக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஒரு சார்ஜர் வேலை செய்யாவிட்டால் அடுத்ததற்குப் போகும் அளவு எப்போதும் கையிருப்பு வேண்டும். ரயிலைப் பிடிக்கப் போகிறவர் கடைசி பஸ்ஸை நம்பக்கூடாது என்பது போலத்தான் இதுவும்.

* இரண்டு, மூன்று நிறுவனங்களின் ஆப்களை வீட்டிலேயே போனில் ஏற்றி, பணமும் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் போய் பதிவு செய்துகொண்டிருக்க முடியாது.

* சார்ஜர் தொடங்க மறுத்தால் அதில் எழுதியிருக்கும் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பல சமயம் அவர்கள் அங்கிருந்தபடியே இயந்திரத்தை நிறுத்தித் திரும்ப இயக்கிச் சரிசெய்துவிடுகிறார்கள்.

* மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது கிடைக்கும் தூரம் 110-ல் கிடைக்காது. அவசரப்பட்டு ஓட்டி மிச்சப்படுத்தும் நேரத்தை சார்ஜரில் நின்று திருப்பிக் கொடுக்க வேண்டிவரும்.

* சார்ஜ் ஏறியதும் வண்டியை எடுத்துவிடுங்கள். சாப்பாடு முடியாவிட்டால் போன் நம்பரைக் கண்ணாடியில் எழுதி வையுங்கள். பண்டிகைக் காலத்தில் பின்னால் காத்திருக்கும் வண்டியிலும் ஓர் அப்பத்தா இருப்பார்.