ஆழ்கடலுக்கு ஓர் ஆடை

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம்மவர் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. நிலத்தின்மீது நடமாடும்போது அது சபைக்கும் சந்திக்கும் உரிய பேச்சாகவே நின்றுவிடுகின்றது. பட்டு உடுத்தவரும் வாழ்கின்றார். கந்தல் உடுத்தவரும் வாழ்கின்றார். கடலின் அடியிலோ அப்பழமொழி சொல்லுக்குச் சொல் மெய்யாகின்றது. அங்கே ஆடை அழகுக்காக அன்று. உடலின் வெப்பத்தைக் காப்பதற்காக. அண்மையில் சுழியோடப் பழகிக்கொண்டவள் என்ற முறையில், அதற்குரிய உடையைத் தெரிந்தெடுப்பது பற்றி நான் கற்றவற்றை இங்கே சொல்ல விரும்புகின்றேன்.

எஹலியகொடையில் ஓர் இறப்பர்த் தோட்டத்து லயத்திலே பிறந்து வளர்ந்தவள் நான். மழையும், இறப்பர் மரமும், மாணிக்கக் குழியுமே எங்கள் உலகம். கடல் எங்களுக்கு வெகு தூரம். ஆசிரியர் கலாசாலையில் என்னுடன் பயின்ற திருகோணமலைத் தோழி ஒருத்தி, ஆவணி விடுமுறையில் சுழியோடக் கற்கலாம் வா என்று அழைத்தபோது, அம்மா உடனே மறுத்துவிட்டார்.

“கடலைத் தாண்டி வந்துதான் நம் பாட்டன் பூட்டன் இவ்வளவு பாடுபட்டார்கள். மறுபடியும் அதற்குள்ளே இறங்குவானேன், பிள்ளை?” என்றார்.

அவருடைய மறுப்புக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று குளிர், என் மெலிந்த உடம்பு அதைத் தாங்காது என்பது. மற்றது, படத்தில் கண்ட அந்தக் கறுப்பு உடை. மேனியோடு ஒட்டிக்கிடக்கும் அதனை நம் வீட்டுப் பெண் அணிந்து நாலு பேர் முன்னே நிற்பதா என்பது. இரண்டும் தள்ளிவிடத்தக்க கேள்விகள் அல்ல. அவற்றுக்கு விடை தேடிச் சென்றதனாலேயே உடையைப் பற்றி நான் அறிந்துகொண்டேன்.

முதலில் குளிரை எடுத்துக்கொள்வோம். திருகோணமலைக் கடலின் மேற்பரப்பு நீர் பெரும்பாலும் 27 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெப்பமுடையது. இதில் குளிர் ஏது என்று கேட்கத் தோன்றும். ஆனால், நம் உடலின் வெப்பநிலை 37 பாகை. காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக நீர் நம் உடற்சூட்டைக் கவர்ந்துவிடுகின்றது. எங்கள் ஊரில் மாணிக்கக் குழியின் நீரில் நெடுநேரம் நின்று வேலை செய்தவர்கள், நல்ல வெயிலிலும் உடல் நடுங்க மேலேறி வருவதைச் சிறு வயதிலேயே கண்டிருக்கின்றேன். அம்மாவும் அதைக் கண்டவரே. ஆகவே, அவருடைய அச்சத்தில் அனுபவத்தின் உண்மை இருந்தது.

மன்னார்க் கடலில் முத்துக் குளித்த நம் முன்னோர் இடுப்புத் துணியோடுதானே இறங்கினார்கள் என்று மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். அவர்கள் கல்லின் பாரத்தால் ஆழம் சென்று, மூச்சடக்கி ஒரு நிமிடமளவில் சிப்பிகளை வாரிக்கொண்டு மேலே வந்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் அவர்களுக்கு வெயிலும் காற்றும் கிடைத்தன. காற்றுக்கலன் சுமந்து செல்லும் இக்காலச் சுழியோடியோ முக்கால் மணி நேரமளவும் நீரடியிலேயே இருக்கின்றார். அதிலும் பதற்றமின்றி மெல்ல மெல்ல நீந்துமாறே அவருக்குக் கற்பிக்கப்படுகின்றது. அசைவு குறைந்தால் உடல் சூடும் குறையும். நடுக்கம் தொடங்கினால் மூச்சு மிகும். கலனிலுள்ள காற்று விரைவில் தீரும். நிதானமாகச் சிந்திக்கும் ஆற்றலும் தளரும். நீரடியில் நிதானம் இழப்பது உயிருக்கே ஆபத்து.

இதற்கு மாற்றுக் கண்டவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பௌதிகவியலாளர் ஹியூ பிராட்னர். 1950களின் தொடக்கத்தில் அவர் ஒரு புதுமையான எண்ணத்தை முன்வைத்தார். நீர் உட்புகாத உடைதான் வேண்டும் என்பதில்லை. உடைக்குள் சிறிது நீர் புகுந்தாலும் கேடில்லை. உடையின் தடிப்புக்குள்ளே நுண்ணிய வாயுக் குமிழிகள் நிறைந்திருந்தால் அவையே வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் என்றார் அவர். நியோப்பிரின் என்னும் செயற்கை இறப்பரை நுரைபோல் ஆக்கி அவ்வுடை தைக்கப்பட்டது. ‘வெட்சூட்’ என்ற ஆங்கிலப் பெயருக்கும் நனைந்த உடை என்பதே பொருள். உள்ளே புகுந்த நீர் மெல்லிய படலமாக நின்று நம் சூட்டினாலேயே சூடாகிவிடுகின்றது. அந்நீர் ஓரிடத்தில் தங்க வேண்டும், அங்குமிங்கும் ஓடலாகாது. உடையைத் தெரிந்தெடுக்கும் கலை முழுவதும் இந்த ஒரு விதிக்குள்ளே அடங்கிவிடுகின்றது.

நிலாவெளியில் எங்களுக்குப் பயிற்சி அளித்தவர் அக்கடலிலேயே வளர்ந்த ஒரு பெரியவர். நாங்கள் அவரை அண்ணன் என்றே அழைத்தோம். அங்கே விலைக்கு இரண்டு உடைகள் இருந்தன. ஒன்று வெளிநாட்டுப் பயணி ஒருவர் விட்டுச் சென்றது, 5 மில்லிமீற்றர் தடிப்பு, பாதி விலை. மற்றது 3 மில்லிமீற்றர் தடிப்பில் பெண்களின் அளவுக்கென வெட்டித் தைத்தது, புதியது, என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கேட்டது. தடித்தது குளிரை நன்கு தடுக்கும், விலையும் குறைவு, அதையே வாங்குவோம் என்றாள் தோழி.

அண்ணன் இரண்டையும் அணிந்து பார்க்கச் சொன்னார். “தங்கச்சி, கையை மேலே தூக்குங்கள். இப்போது குந்தி எழும்புங்கள். நன்றாக மூச்சை இழுத்து விடுங்கள்” என்றார். தோழியை அழைத்து என் முதுகின் கீழ்ப்பகுதியிலும், அக்குளிலும், கழுத்தைச் சுற்றியும் இடைவெளி உண்டா என்று தொட்டுப் பார்க்கப் பணித்தார். தடித்த உடையில் இடுப்புக்கு மேலே ஒரு கை நுழையும் அளவுக்கு வெற்றிடம் இருந்தது. மெல்லிய உடையோ தோலோடு தோலாகப் படிந்து, மூச்சுக்கும் தடை செய்யாதிருந்தது.

“ஓட்டைக் குடத்தில் வெந்நீர் நிற்குமா? ஒவ்வோர் அசைவுக்கும் அந்த இடைவெளியில் புது நீர் புகுந்து பழைய நீரைத் தள்ளிவிடும். தடிப்பால் வந்த நன்மை அதோடு போய்விடும்” என்றார் அண்ணன்.

தடிப்பிலும் அளவறிதல் வேண்டும். குமிழி நிறைந்த உடை நீரில் மிதக்க முற்படும். தடிப்பு மிகுந்தால் மிதப்பும் மிகும். அதை வெல்ல இடுப்பில் ஈயக்கட்டிகளும் மிகுதியாக வேண்டும். ஆழம் செல்லச் செல்ல இது மாறும். 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரு மடங்காகி, குமிழிகள் பாதியளவு சுருங்குகின்றன. அப்போது மிதப்பும் குறையும். வெப்பக் காப்பும் குறையும். தேவைக்கு மிஞ்சிய ஈயத்தைச் சுமக்கும் புதியவர் அந்நிலையில் திணறுவார். நம் நாட்டுக் கடல்களுக்குப் பெரும்பாலும் 3 மில்லிமீற்றரே போதுமானது. 5, 7 மில்லிமீற்றர் உடைகள் குளிர்ந்த கடல்களுக்கு உரியவை. உடலில் குளிர் தாங்கும் திறன் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், அயலவர் அணிவதைப் பார்த்து அப்படியே வாங்குவதும் தகாது.

பணத்தட்டுப்பாடு உள்ள மாணவர்கள் முதற் சில முறைகள் வாடகை உடையோடு இறங்குவதே நன்று. உடம்புக்குப் பொருந்திய வாடகை உடை, பொருந்தாத சொந்த உடையைவிட எவ்வளவோ மேல். வாடகைக்கு இருந்தவற்றுள் எனக்கு அளவானது எதுவும் இல்லாமையால் நான் 3 மில்லிமீற்றர் உடையை விலை கொடுத்து வாங்கினேன். அம்மாவின் இரண்டாவது கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்தது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் அவ்வுடைமேல் நீண்ட சட்டை ஒன்றை அணிந்தே பெண்கள் பலர் படகேறினர். நீரில் இறங்கும் வேளையில் அதைக் களைந்து வைத்தனர். அம்மாவிடம் இதை விளக்கிச் சொன்னபோது, “உடம்பை மூடியிருந்தால் சரிதான்” என்றார். அதற்கு மேல் அவர் மறுப்புக் கூறவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த உடையை முதலில் கையில் எடுத்தவர் அப்பா. முப்பது ஆண்டுகளாகப் பால் வெட்டியவர் அவர். விளிம்பை இரு விரல்களுக்கிடையே இழுத்து விட்டுப் பார்த்துவிட்டு, “இறப்பர்தானே இது? வெயிலில் போடாதே. நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி நிழலில் தொங்கவிடு, மடித்து வைத்தால் மடிப்பில் வெடிக்கும்” என்றார். அண்ணன் சொல்லியனுப்பிய பராமரிப்பு முறையும் அதுவே. கடலைக் காணாத தொழிலாளி ஒருவரின் கை, கடலுடையின் இயல்பை இழுத்துப் பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொண்டது!

எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை. 1876ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த ஏறத்தாழ 1,900 இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவிலுள்ள ஹேனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. நம் தோட்டங்களின் கதை அங்கேதான் தொடங்குகின்றது. செயற்கை இறப்பர் பின்னர் பல துறைகளில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சுழியோடி உடையும் அவ்வாறே செயற்கை இறப்பரால் ஆனது. ஆனால், 2016இல் பட்டகோனியா என்ற அமெரிக்க நிறுவனம் இறப்பர் மரத்தின் பாலிலிருந்தே கடலுடைகளைச் செய்து விற்கத் தொடங்கியது. அதற்குரிய பால் குவாத்தமாலா நாட்டிலிருந்து பெறப்பட்டது. சிரட்டையில் சொட்டும் அதே வெண்பால், ஒருவரின் உயிர்ச்சூட்டைக் காக்கும் கவசமாகலாம் என்பதை எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும்போது, அவர்கள் தங்கள் பெற்றோரின் கைகளைப் புதிதாக நோக்குகின்றனர்.

கடலில் இறங்க விரும்பும் இளைஞர்களே, யுவதிகளே! முறையான பயிற்சியை முதலிற் பெறுங்கள். உடை வாங்கும் நாளில் நிறத்தையும் நிறுவனப் பெயரையும் கடைசியில் பாருங்கள். எந்த நீரில் இறங்கப் போகின்றீர்கள், எவ்வளவு நேரம் இருக்கப் போகின்றீர்கள், உங்கள் உடம்போடு அது பொருந்துகின்றதா என்ற மூன்றையும் முதலில் கேளுங்கள். வீட்டிலுள்ள பெரியோர் அஞ்சினால் அதை அறியாமை என்று ஒதுக்காமல், அந்த அச்சத்துக்குள் இருக்கும் கேள்விக்கு விடை தேடுங்கள். விடையோடு திரும்பி வரும் பிள்ளைக்கு வாசற்கதவு தானே திறக்கும்.