சேப்பாக்கத்தில் கிடைத்த இடமும் திருவல்லிக்கேணியில் தேடிய இடமும்



உங்கள் இல்லத்துப் பிள்ளை ஒன்று பட்டணத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றுவிட்டால், முதலில் கையில் எடுத்துப் பார்ப்பது அதன் தகவல் கையேட்டைத்தான். பாடங்கள், கட்டணம், தேர்வு நாள் எல்லாம் அதில் இருக்கும். பிள்ளை எங்கே உறங்கும், எந்தக் கடையில் உண்ணும், துணி துவைக்கத் தண்ணீர் வருமா, ஸுபுஹுத் தொழுகைக்கு அருகில் பள்ளிவாசல் உண்டா என்பன அதில் இரா. அவற்றை வளாகத்திற்கு வெளியே இருக்கும் தெருக்களில்தான் கேட்டறிய வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள தெருக்களை நான் இருமுறை கற்றேன். 1980களின் தொடக்கத்தில் மாணவனாக வந்து கற்றது முதல்முறை. வரலாற்றில் முதுகலை பயில இடம் பெற்ற என் மகளுக்காகத் தங்குமிடம் தேடி அண்மையில் அலைந்தது இரண்டாம் முறை. இரண்டும் ஒரே ஊர்தானா என்று ஐயுறும்படி ஆகிவிட்டது.

சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி, சற்றே என்னுடன் நடந்து வாருங்கள். 1857-இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் கடற்கரையைப் பார்த்து நிற்கிறது. சிஸ்ஹோம் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் 1879-இல் கட்டி முடித்த செனட் இல்லத்தின் கோபுரங்களைத் தொலைவிலிருந்தே காணலாம். அதற்குத் தெற்கே, ஆர்க்காட்டு நவாப் 1768-இல் எழுப்பிய சேப்பாக்கம் அரண்மனை. இரண்டுக்கும் இடையே மேற்கு நோக்கிச் செல்லும் சாலைக்கு வாலாஜா சாலை என்றே பெயர். அதில் கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டி நடந்தால் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலை வந்துவிடும். இந்த நடைத் தொலைவுக்குள்தான் தலைமுறை தலைமுறையாக வெளியூர் மாணவர்களின் வாழ்வு அடங்கிக் கிடந்தது.

கணித மேதை இராமானுஜத்தை நீங்கள் அறிவீர்கள். 1913-இல் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. அந்நாளில் அவரும் திருவல்லிக்கேணியின் குறுந்தெரு ஒன்றில் வாடகைக்குக் குடியிருந்தவரே. தாயும் மனைவியும் உடனிருந்து உணவைக் கவனித்துக் கொண்டனர். மேதைக்கும் வேளைக்குச் சோறும் ஒதுங்க ஓர் அறையும் வேண்டியிருந்தன.

எங்களுக்கு அந்த அறையைத் தந்தவை மேன்ஷன்கள். பெரிய பெயர்தான். உள்ளே போனால் பத்துக்குப் பத்து அறை, மூன்று கட்டில்கள், சுவருக்குச் சுவர் ஒரு கொடிக்கயிறு, தளத்தின் கோடியில் எல்லாருக்கும் பொதுவான குளியலறை. என் அறையில் ஒருவர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. மற்றவர் வங்கித் தேர்வுக்கு நான்காம் முறையாகப் படித்துக் கொண்டிருந்தவர். பாடத்தில் எனக்கு உதவ இருவராலும் இயலாது. ஆயினும், எனக்குக் காய்ச்சல் கண்ட ஒரு வாரம் கஞ்சி வாங்கி வந்து கொடுத்தவர் அந்த வங்கித் தேர்வுக்காரர்தாம். அவ்வாண்டும் அவர் தேர்ச்சி பெறவில்லை. அதற்கடுத்த ஆண்டு தேறினார், அல்ஹம்துலில்லாஹ்.

உணவுக்கு மெஸ். வாழையிலை, டோக்கன், பின்னால் ஒருவர் நின்றுகொண்டு நாம் எழுவதற்குக் காத்திருத்தல் – திருவல்லிக்கேணி மெஸ்ஸில் உண்டவர்களுக்கு இது புதிதன்று. அக்பர் சாகிபு தெருவில் காசி விநாயகா மெஸ் இருந்தது. இட்லி மூழ்குமளவு சாம்பார் ஊற்றித் தரும் ரத்னா கபே நெடுஞ்சாலையில் இருந்தது. மாதக் கடைசியில், ஊரிலிருந்து மணியார்டர் வரும்வரை, கணக்கில் எழுதிக்கொண்டு சோறு போட்ட மெஸ் உரிமையாளர்கள் பலர். என் பெயரும் அத்தகைய கணக்கு நோட்டு ஒன்றில் சில மாதங்கள் இடம்பெற்றதுண்டு. பிரியாணி என்பது வீட்டிலிருந்து பணம் வந்த நாளின் அடையாளம்.

மாலையானால் பைகிராப்ட்ஸ் சாலை. இப்போது அதற்குப் பாரதி சாலை என்று பெயர். எனினும் பழைய பெயரைச் சொன்னால்தான் பழைய புத்தகக் கடைகள் நினைவுக்கு வரும். நடைபாதையில் பரப்பிய நூல்களுள் சென்ற ஆண்டு மாணவர் விற்றுச் சென்ற பாடநூலைக் கண்டெடுத்து, அவர் பென்சிலால் கோடிட்ட பகுதிகளை மட்டும் படித்துத் தேர்வெழுதியவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களுள் ஒருவன் அல்லன் என்று சொல்ல மாட்டேன். புத்தகம் வாங்க இயலாதவர்க்கு நூலகங்கள் இருந்தன. எட்வர்ட் பால்ஃபர் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவரின் முயற்சியால் 1850-இல் தோன்றிய முகமதியர் பொது நூலகம் இதே திருவல்லிக்கேணியில்தான் உள்ளது. பல்கலைக்கழகத்தை விட அதற்கு வயது ஏழாண்டு கூடுதல் என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி.

வாலாஜா பள்ளிவாசலைச் சொல்லாமல் இப்பகுதியைச் சொல்ல முடியாது. 1795-இல், மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லாலேயே கட்டப்பட்ட பெரிய பள்ளி அது. 1972-இல் மறைந்த கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்கள் அதன் வளாகத்தில்தான் அடங்கியிருக்கிறார்கள். மேன்ஷனின் இருட்டறையிலிருந்து ஜும்ஆவுக்கு வந்து அந்தப் பரந்த முற்றத்தில் கால் வைக்கும்போது, மூச்சு விட இடம் கிடைத்தது போல் இருக்கும். இந்தப் பள்ளியின் நோன்பு துறப்பிற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. நாடு பிரிவினையுற்றபோது சிந்துவிலிருந்து வந்த தாதா ரத்தன்சந்த் என்னும் இந்துப் பெரியவர் தொடங்கிய சூஃபிதார் அறக்கட்டளையினர், பல பத்தாண்டுகளாக ரமளான் மாதத்தில் இங்கே உணவு கொண்டு வந்து பரிமாறி வருகின்றனர். தலையில் தொப்பி அணிந்து, அவர்களே வரிசை வரிசையாகத் தட்டுகளை வைப்பார்கள். வீட்டை விட்டுத் தொலைவில் இருக்கும் மாணவனுக்கு அந்த ஒரு மாதம் இரவு உணவுக் கவலை இல்லை.

குறைகளும் இருந்தன. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் குடத்துடன் நின்றவர்களுள் மேன்ஷன்வாசிகளும் இருந்தனர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் மெஸ்கள் மூடின. உண்ண வழியின்றி அறைகளைக் காலி செய்து போனவர் பலர். ஆயினும் ஆண்பிள்ளைக்கு ஒரு வழி அடைபட்டால் மறு வழி கிடைத்துக் கொண்டே இருந்தது என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

இப்போது எண்ணிப் பார்ப்பதற்குக் காரணம் என் மகள். இவ்வளவும் தெரிந்தவன் என்னும் தெம்புடன் அவளை அழைத்துக்கொண்டு திருவல்லிக்கேணிக்குள் நுழைந்தேன். வளாக விடுதிகள் எந்த ஊரிலும் கேட்போர் அனைவருக்கும் போதுவதில்லை. ஆகவே வெளியே ஓர் அறை பார்த்து வைத்துவிடலாம் என்பது என் எண்ணம். அரை நாள் நடந்த பின்பே ஓர் உண்மை உறைத்தது. நான் அறிந்த மேன்ஷன் அத்தனையும் ஆண்களுக்குரியவை. மூன்று பேர் பங்கிட்டு வாடகை கொடுத்து, நினைத்த நேரத்தில் வெளியே போய், நள்ளிரவில் தேநீர் அருந்திப் படித்த நான் கண்ட திருவல்லிக்கேணி, என் மகளுக்கு இல்லவே இல்லை.

பெண்கள் விடுதிகள் சிலவற்றைப் பார்த்தோம். ஒன்றில் அறைக்குச் சன்னல் இல்லை. இன்னொன்றில் மாலை ஆறரைக்குக் கதவு பூட்டப்படும். வகுப்பு முடிந்து நூலகத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்தால் வெளியே நிற்க வேண்டியதுதான். ஒரு வீட்டில் மாடியறை காலியாக இருப்பதாகச் சொல்லி அன்புடன் வரவேற்றார்கள்; பெயரைக் கேட்டதும், வேறொருவருக்கு வாக்களித்துவிட்டது நினைவுக்கு வந்துவிட்டது. இதை எழுதும்போது யாரைக் குறை சொல்வது என்று நீங்கள் அவசரப்பட வேண்டாம். அதற்கடுத்த வீடு நம்மவருடையது. ஸலாம் சொல்லி, தேநீர் தந்து, "குடும்பமாக வந்தால் தருகிறேன் பாய். தனியாகப் படிக்கிற பெண் பிள்ளை என்றால் எங்களுக்கு எதற்குப் பொறுப்பு?" என்றார். முன்னவர் சொன்னதை விட இதுவே எனக்கு வலித்தது. மகள் ஒன்றும் பேசவில்லை. தெருவுக்கு வந்ததும், "வாப்பா, படிக்கச் சொல்லி எல்லாரும் மேடையில் பேசுகிறார்களே, எங்கே இருந்து படிக்கச் சொல்கிறார்கள்?" என்று கேட்டாள்.

கடற்கரைச் சாலையில் நின்றபோது அவளுக்கு ஐஸ் ஹவுஸைக் காட்டினேன். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டிய கட்டடம் அது. இன்று விவேகானந்தர் இல்லம். ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் அங்கே பால்ய விதவைகளுக்கான விடுதி நடந்தது. தாமே இளமையில் கணவனை இழந்து, மாநிலக் கல்லூரியில் பயின்று 1911-இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி அதை நடத்தினார். பெண்களைப் பள்ளிக்கு வா என்று அழைத்தால் மட்டும் போதாது, அவர்கள் அச்சமின்றி உறங்க ஒரு கூரை வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். சற்றுத் தெற்கே, 1914-இல் தொடங்கிய இராணி மேரிக் கல்லூரியும் ஒரு பழைய ஓட்டல் கட்டடத்தில்தான் உருப்பெற்றது. படிப்புக்கு முன்னோடியாகத் தங்குமிடம் வந்த கதை இந்தக் கடற்கரையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

நம் சமுதாயத்தில் கல்வி உதவித்தொகை வழங்கும் செல்வர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நற்கூலி உண்டு. அவர்களுள் சிலருக்கு இப்பகுதியில் கட்டடங்களும் உண்டு. ஒரு தளத்தை, ஒரேயொரு தளத்தை, பெண் காப்பாளரை வைத்து மாணவியருக்கு ஒதுக்கினால், அது பத்து உதவித்தொகைக்கு ஈடாகும் என்பது என் கருத்து.

உங்கள் மகளுக்கு இடம் தேடுகிறவராக நீங்கள் இருந்தால், நான் தாமதமாக அறிந்ததை முன்னரே அறிந்து செல்லுங்கள். தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. அதன்படி விடுதி நடத்த உரிமம் பெறவேண்டும். அதைக் காட்டுமாறு கேட்பது அநாகரிகம் அன்று. முன்பணத்தை எப்போது, எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தண்ணீரைக் குழாயைத் திறந்து பாருங்கள். சொல்லைக் கேட்டு நம்பாதீர்கள். கதவு பூட்டும் நேரத்தை மகளின் வகுப்பு அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சற்றுத் தள்ளி இடம் அமைந்தாலும் தயங்க வேண்டாம். 2021 முதல் சாதாரணக் கட்டண அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

எங்களுக்கு இறுதியில் இடம் கொடுத்தவர் இராயப்பேட்டையில் சிறு விடுதி நடத்தும் ஒரு கிறிஸ்தவ அம்மையார். அறைக்கு நான்கு கட்டில்கள். கதவு எட்டு மணிக்கு. நூலகத்திற்குப் போகும் நாளில் முன்கூட்டிச் சொன்னால் எட்டரை. எல்லாம் பேசி முடித்து எழும்போதுதான் நோன்பின் நினைவு வந்தது. ரமளானில் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ஸஹர் நேரத்திற்கும் உணவு கிடைக்கும். மேன்ஷன் மாணவன் இறங்கிப் போய் உண்டு வருவான். பூட்டிய விடுதிக்குள் இருக்கும் பெண் என்ன செய்வாள்? தயக்கத்துடன் கேட்டேன். "சமையற்காரம்மா அந்நேரத்துக்கு வர மாட்டாங்க. இராத்திரியே சோறும் குழம்பும் ஹாட்பாக்கில் வைத்துவிடச் சொல்றேன். பால் ஃபிளாஸ்கில் இருக்கும். போதுமா?" என்றார்.

போதுமானதாக இருந்தது. முதல் நோன்பன்று அலாரம் மூன்றரைக்கு அடித்ததும் அறைத் தோழிகள் மூவரும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்களாம். நான்காம் நாள் முதல் ஒருத்தி மட்டும் எழுந்து அமர்ந்து தேர்வுக்குப் படிக்கத் தொடங்கிவிட்டாள். தனக்கென்று அலாரம் வைக்கும் வேலை மிச்சம் என்றாளாம். மகள் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள். அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துப் பேரீச்சம்பழம் அனுப்பச் சொன்னாள், அனுப்பியிருக்கிறோம்.